வாயால் சொல்லிப் பார்

தம்புச் செட்டித் தெருவில், மூன்றாம் மாடியில், ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏசி பெட்டிகள் மட்டுமே தெரிகிற ஓர் அலுவலகத்தில் 2017-இல் ஜூனியராகச் சேர்ந்தேன். சம்பளம் மாதம் 8,000 ரூபாய். முதல் நாள் சீனியர் என்னிடம் சட்டம் எதுவும் கேட்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு ஊறுகாய் லேபிள்களை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்று சிவப்பு, மற்றது பச்சை. எழுத்து வேறு, படம் வேறு. "ரெண்டும் ஒண்ணா, வேறயா?" என்றார். வேறு என்றேன். லேபிள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்ப வாயால சொல்லிப் பாரும்மா" என்றார்.

சொன்னேன்.

"மெதுவாச் சொல்றே. கடைவாசல்ல நாலு பேர் நிக்கிறாங்க. பின்னால பஸ் போகுது. கடைக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம். இப்பச் சொல்லு."

அவசரமாகச் சொன்னபோது இரண்டு பெயர்களும் என் வாயிலேயே ஒன்றாகிப் போயின.

அன்று மாலை அவர் படிக்கக் கொடுத்தது ஒரு மூக்குப்பொடி வழக்கு. ஒருவர் விற்ற பொடி 'ஸ்ரீ அம்பாள்'. இன்னொருவர் தன் பொடிக்கு 'ஸ்ரீ ஆண்டாள்' என்ற பெயரைப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போன அந்தச் சண்டை 1969-இல் முடிந்தது. அம்பாள் சிவனின் துணைவி. ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வளர்ந்து அரங்கனை வரித்தவள். விவரம் தெரிந்தவர்களுக்கு இருவரும் வேறு வேறு என்பதில் நீதிமன்றத்துக்கும் ஐயம் இல்லை. ஆனால் பொடி வாங்குகிற எல்லாருக்கும் அந்த விவரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல்லிக் கேட்டால் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கின்றன. படம் வேறாக இருப்பதைக் கண் கண்டுகொண்டாலும் காது ஏமாந்துவிடும் என்று சொல்லி ஆண்டாளுக்குப் பதிவு மறுக்கப்பட்டது.

படித்து முடித்தபோது எனக்குத் திருமங்கலத்து வீட்டுத் திண்ணை நினைவுக்கு வந்தது. தாத்தாவுக்குப் பொடி வாங்கப் போவது என் வேலை. ஐந்து வயதிருக்கும். காசைக் கையில் வைத்து மூடிவிட்டு, கடையில் என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்பார். அதைச் சொல்லிக்கொண்டே தெருமுனை வரை ஓடுவேன். வழியில் ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே வந்தால் போதும், பெயரில் ஓரெழுத்து உதிர்ந்துவிடும். கடைக்காரர் எதையோ கொடுப்பார். அது சரியான பொடியா என்பது தாத்தா மூக்கில் வைத்த பிறகுதான் தெரியும்.

மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற மாப்பிள்ளை, பெயர் மறந்துவிடக் கூடாதென்று வழியெல்லாம் "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே வந்து, ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்று குதித்து, வீட்டுக்குப் போய் மனைவியிடம் அத்திரிபாச்சா செய்து தரச் சொன்ன கதை நமக்கெல்லாம் தெரியும். டிரேட்மார்க் சட்டம் அந்த மாப்பிள்ளைக்காக எழுதப்பட்டது என்று நான் நம்புகிறேன். சராசரி அறிவும் அரைகுறை ஞாபகமும் கொண்ட ஒருவர் குழம்புவாரா என்பதுதான் நீதிமன்றம் கேட்கிற கேள்வி. அமிர்ததாராவும் லக்ஷ்மண்தாராவும் மோதிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் கேட்டது. இரண்டு பொட்டலங்களை அருகருகே வைத்து உற்றுப் பார்க்கிற வாடிக்கையாளர் எங்கும் இல்லை. எல்லாரும் ஒரு வாய்க்காலைத் தாண்டித்தான் கடைக்கு வருகிறார்கள்.

அடுத்த சில மாதங்களில் வேலையின் உருவம் பிடிபட்டது. திங்கட்கிழமைதோறும் டிரேட்மார்க் ஜர்னல் இணையத்தில் வரும். பல ஆயிரம் பெயர்கள். எங்கள் கட்சிக்காரர்களின் பெயரோடு ஒத்து ஒலிக்கிற ஏதாவது அதில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இருந்தால் நான்கு மாதத்துக்குள் ஆட்சேபம் தாக்கல் செய்ய வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் கோட்டை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள பதிவகத்துக்கு ஹியரிங் போவேன். நாடு முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகமும் அங்கேயே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கும் குறியீடு கிடைத்தது நான் அங்கே போய்வந்துகொண்டிருந்த காலத்தில்தான். எங்கள் பக்கத்துத் தின்பண்டம் புவிசார் குறியீட்டு ஜர்னலில் வந்ததைப் பார்த்தபோது உண்மையாகவே பெருமையாக இருந்தது.

வருகிறவர்கள் பெரும்பாலும் "பேருக்கு பேட்டன்ட் வாங்கணும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பேட்டன்ட் கண்டுபிடிப்புக்கு, டிரேட்மார்க் பெயருக்கும் சின்னத்துக்கும், காப்பிரைட் படைப்புக்கு என்று ஒவ்வொரு முறையும் விளக்குவேன். நம் பத்திரிகைகள் மூன்றையும் 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லில் எழுதிவிடுகின்றன. இது சின்னக் குறை இல்லை. தனக்கு எந்த உரிமை இருக்கிறது என்பதற்குத் தன் மொழியில் ஒரு தெளிவான சொல் இல்லாதவர், அந்த உரிமையைக் கேட்கவே வரமாட்டார். நான் பதிப்புரிமை, வணிகச் சின்னம் என்றே எழுதுகிறேன். பேச்சில் டிரேட்மார்க், காப்பிரைட். அது போதும், யாருக்கும் குழப்பம் இல்லை.

2018-இல் ஒரு வழக்கில் உயர் நீதிமன்றம் என்னை அட்வகேட் கமிஷனராக நியமித்தது. போலிச் சரக்கு வைத்திருப்பதாகச் சொல்லப்படும் இடத்துக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போய், இருப்பதை எண்ணி, சீல் வைத்து, நீதிமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். எந்தத் தரப்புக்கும் ஆள் இல்லை, நீதிமன்றத்தின் கண். வியாசர்பாடியில் ஒரு மாடி வீடு. உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தேயிலைத் தூள், ஒரு எலக்ட்ரானிக் தராசு, கவர் ஒட்டுகிற சீலிங் மெஷின், அதன் முன்னால் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். போலீஸ்காரரைப் பார்த்ததும் எழுந்து நின்றவர், நான் தரையில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்ததும் தானும் உட்கார்ந்து கவர்களை நூறு நூறாக அடுக்கித் தந்தார்.

அசல் பெயருக்கும் அந்தக் கவரில் இருந்த பெயருக்கும் நடுவில் ஓர் எழுத்து வேறு. பெயர் மாற்றி அச்சடித்திருப்பது தெரியுமா என்று கேட்க எனக்கு அதிகாரம் இல்லை, கேட்கவும் இல்லை. அவரே சொன்னார்: "எழுத்தெல்லாம் யாரு மேடம் படிக்கிறா. மஞ்ச கவரு, செவப்பு வளையம். நாங்களும் அத பாத்துதான் வாங்குவோம்." வாதியின் ஆள் ஒரு வெள்ளைத் தாளில் தண்ணீர் தெளித்து அந்தத் தூளைக் கொஞ்சம் வைத்தார். சாயம் உடனே பரவியது. அந்தப் பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தன் வீட்டில் குடிப்பது எது என்று யாரிடமும் இல்லாமல் கேட்டார்.

அறிக்கையில் எண்ணிக்கையை மட்டும் எழுதினேன். ஆனால் போலிச் சரக்கு என்பது பெரிய கம்பெனிகளின் கவலை என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த ஈரத் தாள்தான் நினைவுக்கு வருகிறது. அந்தத் தூள் போயஸ் தோட்டத்துக்குப் போகவில்லை. வியாசர்பாடியில் ஒட்டப்பட்டு வியாசர்பாடியிலேயே விற்றது. படிக்காமல், வண்ணத்தை நம்பி வாங்குகிறவர் வீட்டு அடுப்பில்தான் அது கொதித்தது.

அதே ஆண்டு பெரியம்மா வந்தார். உறவில் பெரியம்மா இல்லை. திருமங்கலத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இட்லிப் பொடி விற்கிறவர். நான் பள்ளிக்கூட டிபன் டப்பாவில் தின்று வளர்ந்தது அவர் பொடி. மாமியார் பெயரில் 1997-இல் ஆரம்பித்த வியாபாரம். லேபிளில் மாமியாரின் முகம், பெரிய மூக்குத்தியோடு. அந்தப் பெயரோடு ஓரெழுத்து மட்டும் வேறான ஒரு மசாலா கம்பெனி, மதுரைக் கடைகளில் தன் சரக்கை இறக்கியதோடு இவருடைய பொடியை எடுக்க வேண்டாமென்றும் சொல்ல ஆரம்பித்திருந்தது. அவர்களிடம் 2009-இல் வாங்கிய பதிவு இருந்தது. "நம்ம ஊருப் பிள்ள வக்கீலா இருக்கு, அதுகிட்டப் போவோம்னு வந்துட்டேன் பாப்பா" என்றார்.

30-ஆம் வகுப்பு, தனிநபருக்கு ஆன்லைனில் கட்டணம் 4,500 ரூபாய். அதெல்லாம் எளிது. ஆனால் 1997 முதல் புழக்கத்தில் இருக்கிறது என்று சொன்னால் பிரமாணப் பத்திரத்தோடு அதற்குச் சான்று இணைக்க வேண்டும். பழைய பில் இருக்கிறதா என்றேன். இல்லை. விளம்பரம்? பொடிக்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள் என்றார். வரிக் கணக்கு 2011-க்குப் பிறகுதான். அதாவது எதிரியின் பதிவுக்கு இரண்டு வருடம் கழித்து. 14 வருட உழைப்புக்குக் காகிதமே இல்லை. எங்கள் பக்கத்துச் சிறு வியாபாரம் எல்லாமே இப்படித்தான் நடக்கிறது. நாணயம் வாய்ச்சொல்லில் இருக்கும், கணக்கு மனதில் இருக்கும், நீதிமன்றத்தில் காட்ட ஒன்றும் இருக்காது.

வழி சொன்னது என் அம்மா. "மொய் நோட்டுல பாருடி."

மதுரைப் பக்கத்தில் எது தொலைந்தாலும் மொய் நோட்டு தொலையாது. அது கடன் புத்தகம். நமக்கு யார் எவ்வளவு செய்தார்கள், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. அப்பா இறந்தால் மகனுக்கு வீட்டோடு சேர்ந்து வருவது அந்த நோட்டு. அதில் ஆட்களைத் தொழிலை வைத்துத்தான் எழுதுவார்கள், ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள் என்பதால். பெரியம்மா யார் யார் கல்யாணத்துக்குப் போனோம் என்று யோசித்து யோசித்து ஏழு வீடுகள் சொன்னார். ஒரு சனிக்கிழமை இருவரும் வீடு வீடாகப் போனோம். நான்காவது வீட்டில், 1998 தை மாதக் கல்யாணத்தின் மஞ்சள் தடவிய நோட்டில், அவர் மாமியார் பெயரைப் போட்டுப் 'பொடி' என்று சேர்த்து, திருமங்கலம், 51 ரூபாய் என்று நீல மசியில் எழுதியிருந்தது. இன்னொரு வீட்டில் 2001-ஆம் வருடக் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற வரிக்குக் கீழே, சுற்றமும் நட்பும் வரிசையில், அடைப்புக்குறிக்குள் பொடிக் கடையின் பெயர்.

அந்த நோட்டைக் கையில் வாங்கியபோது எனக்கு நடுங்கியது. மொழிபெயர்ப்புச் சேர்க்க வேண்டுமே, மொய்க்கு ஆங்கிலத்தில் என்ன போடுவது? மொய் என்றே போட்டு, அது என்னவென்று அரைப் பக்கம் விளக்கம் எழுதினேன். அந்த அரைப் பக்கத்தை நான்கு முறை திருத்தி எழுதியிருப்பேன். வேறெந்த வாதுரைக்கும் அவ்வளவு மெனக்கெட்டதில்லை.

லேபிள் ஓவியத்துக்குப் பதிப்புரிமையும் பதிவு செய்துவிடலாம் என்று சீனியர் சொன்னார். சரக்கோடு பயன்படுகிற ஓவியம் என்றால் கட்டணம் 2,000 ரூபாய். அதைப் போன்ற சின்னம் வேறு யாருக்கும் பதிவாகவில்லை என்று டிரேட்மார்க் பதிவகத்தின் சான்றும் வேண்டும். அதற்கு மேல், வரைந்தவரின் ஒப்புதல் வேண்டும். வரைந்தவர் யார்? சிவகாசி அச்சகத்தில் விசாரித்ததில், பிளாக் காலத்திலிருந்து அவர்களுக்கு லேபிள் வரைந்து தந்த ஒருவரின் முகவரி கிடைத்தது.

எழுபது தாண்டியவர். கோவில்பட்டி கொண்டையராஜு வழியில் வந்த காலண்டர் ஓவியர் ஒருவரிடம் தொழில் கற்றவர். தீப்பெட்டி, பட்டாசு, ஊதுபத்தி, சீயக்காய் என்று அவர் வரையாத லேபிள் இல்லை. வீட்டுச் சுவரில் ஒன்றுகூட மாட்டியிருக்கவில்லை. நான் கொண்டுபோன பொடி லேபிளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது ரேஷன் கார்டு போட்டோவப் பாத்துப் போட்டது தாயி. அதுல மூக்குத்தி தெரியல. அந்தம்மா மருமக வந்து, மூக்குத்தி இல்லாட்டா அவுக முகமே இல்லன்னு சொன்னாக. அப்புறம் வச்சேன்."

ஒப்புதல் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். உரிமையை எழுதித் தருகிறார், இதற்குரிய தொகையைப் பெற்றுக்கொண்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், கையெழுத்துப் போடும் முன் கேட்டார்: "நான் போட்டதுன்னு எங்கயாச்சும் இருக்குமா?"

அசலில், வலது கீழ் மூலையில், தன் இனிஷியலைச் சிறிதாகப் போட்டிருந்தாராம். அச்சடித்த தாளை வெட்டும்போது அந்த மூலை போய்விட்டது. கேட்கவில்லையா என்றேன். கட்டிங்கில் போனதை யாரிடம் கேட்பது என்றார். வரைந்த எத்தனையோ லேபிள்களில் அப்படிப் போயிருக்கிறது.

பதிப்புரிமைச் சட்டத்தில் 57-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உரிமையை முழுவதும் எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும், இது என் படைப்பு என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே நிற்கும். கல்லூரியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பிரிவை அன்றுதான் ஒரு மனிதரிடம் சொன்னேன். பதிவேட்டில் உரிமையாளர் பெயருக்குத் தனிக் கட்டம், படைப்பாளி பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு, அதில் உங்கள் பெயர் வரும் என்றேன். அப்பா பெயரின் முதலெழுத்தையும் சேர்க்க முடியுமா என்று கேட்டார். சேர்த்தேன். மறு ஆண்டு தில்லி அலுவலகத்திலிருந்து பதிவேட்டுப் படி வந்ததும், அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பினேன்.

இனி என் தவறு.

பெரியம்மாவின் விண்ணப்பம் ஏற்கப்பட்டு 2019-இன் தொடக்கத்தில் ஜர்னலில் வெளியானது. மசாலா கம்பெனி ஆட்சேபம் தாக்கல் செய்தது. ஆட்சேப நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் நாம் எதிருரை தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த இரண்டு மாதத்தை நீட்டிக்க வழி கிடையாது. நோட்டீஸ் மின்னஞ்சலில் வந்தது மே 6. உயர் நீதிமன்றத்துக்கு அப்போது கோடை விடுமுறை. நான் சித்தி மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். நீதிமன்றத்துக்கு விடுமுறை என்றால் பதிவகத்துக்கு விடுமுறை இல்லை. அலுவலக மின்னஞ்சலைப் பார்ப்பது என் பொறுப்பு. நான் திறந்தது 28-ஆம் தேதி. திறந்த நாளை வந்த நாளாக எண்ணி, டைரியில் ஜூலை 28 என்று குறித்தேன்.

எதிருரையை நிதானமாக, நன்றாக எழுதினேன். ஜூலை 24 அன்று தாக்கல் செய்தேன். நான்கு நாள் முன்னதாகவே முடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் 18 நாள் தாமதம். தாக்கல் ஏற்கப்படவில்லை. விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படுகிறது என்று இணையத்தில் அதன் நிலை மாறியிருந்ததை ஒரு காலையில் பார்த்தேன்.

சீனியரிடம் போய்ச் சொன்னபோது அவர் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "கட்சிக்காரருக்கு யார் சொல்லப் போறது?" என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றேன். தொலைபேசியில் சொல்ல மனம் ஒப்பவில்லை. அன்றிரவே பேருந்து ஏறினேன்.

பெரியம்மா பொடி வறுத்துக்கொண்டிருந்தார். அடுப்பை அணைக்காமலே கேட்டார். நாள் எண்ணியதில் தப்பு செய்துவிட்டேன், உங்கள் விண்ணப்பம் போய்விட்டது, காரணம் நான் என்று சொன்னேன். மிளகாய் கருகுகிற நெடி வந்த பிறகுதான் கரண்டியை எடுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"மறுபடி போட முடியுமா, முடியாதா?"

"முடியும் பெரியம்மா. ஆனா போன வருசம் போட்ட தேதி கிடைக்காது. இனிமே போடுற நாள்தான் கணக்கு."

"மொய் நோட்டு தேதி?"

"அது அப்படியே இருக்கு."

"அப்பப் போடு. காசு எவ்வளவு?" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அந்தக் காசை நான் வாங்கவில்லை. அதில் அவருக்குக் கோபம் வந்தது, விண்ணப்பம் போனதற்கு வராத கோபம். "ஓசில செஞ்சா ஒழுங்காச் செய்வியா?" என்றார். செய்வேன் என்று சொல்லி 4,500 ரூபாயை நானே கட்டினேன். அன்றிலிருந்து கெடு தேதிகளை இரண்டு டைரிகளில் எழுதுகிறேன். ஒன்றை நான் எண்ணி எழுதுவேன், மற்றதை எங்கள் குமாஸ்தா எண்ணி எழுதுவார். இரண்டும் ஒத்துப்போனால்தான் கோப்பு அலமாரிக்குப் போகும்.

இரண்டாம் சுற்றில் கொரோனாவும் சேர்ந்துகொண்டது. கிண்டிப் படிகளில் ஏறாமல் வீட்டுக் கணினி முன்னால் கறுப்புக் கோட்டுடன் உட்கார்ந்து ஹியரிங் பேசினேன். மீண்டும் ஜர்னல், மீண்டும் அதே கம்பெனியின் ஆட்சேபம். அவர்களுடைய வழக்கறிஞர் நன்றாகத் தயாரித்திருந்தார். முதல் மேற்கோளைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. ஸ்ரீ அம்பாள், ஸ்ரீ ஆண்டாள். இங்கே ஓரெழுத்துதான் வேறு, காதுக்கு இரண்டும் ஒன்று, எங்களுடைய பதிவு 2009, ஆகவே இவர்களுக்குத் தரக் கூடாது. நான் முதல் நாள் படித்துக் காதலித்த தீர்ப்பு, பெரியம்மாவுக்கு எதிராக நின்றது. அதற்கு என்னிடம் மறுப்பும் இல்லை. வாயால் சொல்லிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். குழப்பம் வரும் என்பதை நாங்களும்தான் சொல்கிறோம்.

அப்படியானால் யாருடைய பெயர்?

சீனியர் இருட்டுக்கடைத் தீர்ப்பை எடுத்துப் போட்டார். நெல்லையப்பர் கோயில் எதிரில், ஒரே ஒரு மங்கிய விளக்கோடு அல்வா விற்ற கடை. அந்தப் பெயரைக் கடைக்காரர் வைக்கவில்லை, வாங்க வந்த ஜனங்கள் வைத்தார்கள். அதே பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்து இன்னொருவரும் பதிவு வாங்கிவிட்டார். இருவர் கையிலும் பதிவுச் சான்றிதழ் இருந்தால் ஒருவர் மேல் ஒருவர் பதிவை மீறியதாக வழக்குப் போட முடியாது. ஆனால் தன் சரக்கை இன்னொருவர் சரக்காக ஒப்பேற்றி விற்பதற்கு எதிரான பழைய உரிமை, 'பாசிங் ஆஃப்', சாவதில்லை. முதலில் புழங்கியவரின் உரிமை பதிவை விடப் பெரியது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அம்பாள் தீர்ப்பும் இருட்டுக்கடைத் தீர்ப்பும் எனக்கு அன்றுதான் சேர்ந்து அர்த்தமாயின. பெயர்கள் குழம்புமா என்பதைக் காது சொல்லும். குழம்பினால் யார் விலக வேண்டும் என்பதைத் தேதி சொல்லும். நான் தவறவிட்டதும் தேதியைத்தான். ஆனால் பெரியம்மாவைக் காப்பாற்றக்கூடிய தேதியை 51 ரூபாயோடு யாரோ ஒருவர் 1998-லேயே நோட்டில் எழுதி வைத்துவிட்டார்.

எங்கள் சான்றுகள் போய்ச் சேர்ந்த இரண்டு மாதத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பேச வந்தார். இட்லிப் பொடி, பருப்புப் பொடியோடு நீங்கள் நின்றுகொண்டால் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறோம், சாம்பார் பொடி, மசாலா பக்கம் இந்தப் பெயரில் வரக் கூடாது. நான் வேண்டாம் என்றேன். வழக்கை நடத்தினால் ஜெயிப்போம் என்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன். பெரியம்மா யோசித்துவிட்டு, "எனக்கு அறுபத்து மூணு வயசு. ஜெயிச்சு சாம்பார் பொடி போடுறதுக்குள்ள நான் இருக்கணும்ல" என்றார். உடன்பட்டோம். சாம்பார் பொடி விட்டுப்போனது அவருக்கு இன்னும் குறைதான். என் தவறால் போன அந்த ஒரு வருடம் கையில் இருந்திருந்தால் அவர் வேறு முடிவு எடுத்திருப்பாரோ என்ற எண்ணம் எனக்குப் போகவில்லை.

2024-இல் சான்றிதழ் வந்தது. பதிவு 2019-லிருந்து என்று அதில் இருக்கும், 2018 என்று இருக்காது. சான்றிதழ் வரும்வரை டி.எம். என்று மட்டும் போடலாம், வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது குற்றம் என்று ஆறு வருடமாக அவரைத் தடுத்து வைத்திருந்தேன். போடலாம் என்று சொன்ன மறுநாளே சிவகாசி அச்சகத்திலிருந்து போன் வந்தது.

"மேடம், அந்த ஆர் எங்க வருது? வலது பக்கம் கீழ் மூலை காலியாத்தான் இருக்கு. அங்க வச்சிரவா?"

"அங்க வேண்டாம்ணே. பேருக்குப் பக்கத்துல, மேல வச்சிருங்க."

"அப்ப மூல?"

அதற்கு ஓர் இனிஷியல் அனுப்புகிறேன் என்றேன். பெரியம்மா ஏற்கெனவே சரி என்று சொல்லியிருந்தார். கட்டிங் லைனிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னேன்.